படுக்கையும் மூச்சும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கித் தெற்கே செல்லும் பெருவழியில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராமவர்மரின் பெயர் தாங்கிய ஊர் அது. அரண்மனைக்கு வேண்டிய நேரிய பருத்தி ஆடைகளை நெய்து தருவதற்கென்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியர் குடிகளை வரவழைத்து அங்கே குடியமர்த்தினார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு என்று அவர்கள் குடியிருந்த தெருக்களுக்கு இன்றும் பெயர் வழங்குகிறது. அப்பால் நெய்யாற்றின்கரை, பாறசாலை. அதையும் தாண்டினால் களியக்காவிளையில் தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. தாய்மொழி ஒன்று, அரசாங்க மொழி வேறொன்று என்று வாழும் நிலை இன்னதென்பதை வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லை வரலாற்றைச் சொல்லுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பாலராமபுரத்து நெசவாளி நாள் முழுவதும் தன் உடம்பை எந்த நிலையில் வைத்திருக்கிறான் என்பதை நேயர்கள் மனக்கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே அவ்வூரை முதலில் நினைவூட்டினேன். அவனுடைய தறி குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகளை மிதித்துக்கொண்டு, இடுப்புக்கு மேற்பட்ட உடல் நிமிர்ந்தும் சற்றே முன்குனிந்தும் இருக்க, ஓடத்தைக் கைக்குக் கை மாற்றி எறிந்து நெய்கிறான். விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துத் தூரிகையால் சீவும்போது அங்குமிங்கும் விரைந்து நடக்கிறான். இரவில் பாயில் மல்லாந்தோ ஒருக்களித்தோ உறங்குகிறான். உட்காருதல், நடத்தல், படுத்தல் ஆகிய இம்மூன்று நிலைகளிலும் அவனுடைய நுரையீரலுக்குள் இரத்தம் ஓடும் பாதை ஒரே மாதிரி இருப்பதில்லை. இச்சிறு செய்தியை மனிதன் தெளிவாக அறிந்துகொள்ள முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த அறிவு வளர்ந்த கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் சென்னை நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளில் எழுதப்பட்டது.

இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்து இடப்புறத்திற்குத் திரும்பும் சிறு சுற்றோட்டத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு நாட்டு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் கூறிவிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி 1628இல் உடல் முழுவதற்குமான இரத்த ஓட்டத்தை நிலைநாட்டினார். 1661இல் இத்தாலியரான மால்பீகி, தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, மயிரினும் மெல்லிய தந்துகிக் குழாய்களைக் கண்டார். மனித நுரையீரலில் முப்பது கோடிக்கு மேற்பட்ட காற்றுச் சிற்றறைகள் உண்டு. ஒவ்வோர் அறையையும் தந்துகிகள் வலைபோலச் சூழ்ந்துள்ளன. ஓய்வாக இருக்கும்போது ஓர் இரத்த அணு அவ்வலையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் முக்கால் விநாடி அளவேயாகும். அதற்குள் அது கரியமில வாயுவை இறக்கிவிட்டுப் பிராணவாயுவை ஏற்றிக்கொள்ள வேண்டும். காற்று வந்து இரத்தம் வராத அறையாலும் பயனில்லை. இரத்தம் வந்து காற்று வராத அறையாலும் பயனில்லை. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும்.

அந்தச் சந்திப்பில் புவியீர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு. மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடியில் குடியிருக்கும் நேயர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. காலை வேளையில் தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் கீழ்வீட்டுக் குழாயில் நீர் கொட்டுகிறது. மேல்மாடிக் குழாய் சொட்டுச் சொட்டாக வடிகிறது. நுரையீரலும் அத்தகைய மாடி வீடுதான். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் பெருநாடியில் சராசரி அழுத்தம் 90 முதல் 100 மில்லிமீட்டர் பாதரச அளவு. நுரையீரல் நாடியிலோ அது சுமார் 15 மட்டுமே. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நுரையீரல் அடியிலிருந்து நுனி வரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம் உடையது. நாடி அதன் நடுமட்டத்தில் நுழைகிறது. அங்கிருந்து நுனிக்கு 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். அவ்வளவு உயரத்திற்கு இரத்தத்தைத் தூக்குவதிலேயே 11 மில்லிமீட்டர் அழுத்தம் செலவாகிவிடுகிறது. எஞ்சுவது நான்கு. இதயம் துடித்து அழுத்தும் கணத்தில் மட்டுமே நுனிப்பகுதிக்கு இரத்தம் எட்டிப் பார்க்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கீழ்ப்பகுதியிலோ வேண்டிய மட்டும் பாய்கிறது.

இதனை எவரும் அளந்து பார்ப்பதற்கு முன்பே ஊகித்தவர் ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் யோஹன்னஸ் ஓர்த். அவரை ஊகிக்கத் தூண்டியது சயரோகம். நம்மவர் எலும்புருக்கி என்று அஞ்சிய அந்நோய், வயது வந்தோரின் நுரையீரலில் பெரும்பாலும் நுனிப்பகுதியையே முதலில் பற்றுகிறது. ஏன் நுனியைத் தேடிப் போகிறது? மனிதன் நிமிர்ந்து நடக்கும் பிராணி. ஆகவே அவன் நுரையீரலின் நுனிக்கு இரத்தம் குறைவாகச் செல்கிறது. இரத்தம் குறைந்த இடத்தில் நோய் வேரூன்றுகிறது என்று 1887இல் ஓர்த் எழுதினார். இராபர்ட் கோக் காச நுண்ணுயிரைக் கண்டறிந்து அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

அக்காலத்தில் காசத்திற்கு மருந்து கிடையாது. இருந்த சிகிச்சை படுக்கைதான். ஜெர்மனியில் பிரெமர் 1850களில் மலைக்காற்று நிலையத்தைத் தொடங்கினார். 1876இல் ஃபால்கன்ஸ்டைன் என்னும் ஊரில் டெட்வைலர், நோயாளிகளைத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலிகளில் நாள் முழுதும் கிடத்தும் முறையை வகுத்தார். அம்முறை உலகெங்கும் பரவியது. தென்னிந்தியாவில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் நிலையம் 1915இல் திறக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் 1928இல் ஒரு சானடோரியத்தை நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து. இவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய நிலையத்தை நடத்தியவர்; கணிதமேதை இராமாநுஜனுக்குக் காசம் என்று கருதப்பட்டபோது அவர் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றது இவரிடந்தான். (இராமாநுஜனின் நோய் காசமன்று, ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது பிற்காலத்தார் கருத்து.) இன்றும் மின்சார ரயிலில் தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தின் பெயர்ப்பலகை அந்தச் சானடோரியத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நோயாளி மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், படுத்தே கிடக்க வேண்டும். உழைக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, சில நிலையங்களில் தானாக எழுந்து உட்காரவும் கூடாது. இதனால் ஏன் நன்மை விளைகிறது என்பதற்குத் தெளிவான விடை எவரிடமும் இருக்கவில்லை. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு வேண்டும், எலும்பு முறிந்த காலுக்கு வேண்டுவதுபோல, என்று பொதுவாகச் சொன்னார்கள். 1946இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டாக் ஒரு புதிய விளக்கத்தைத் தந்தார். ஓர்த்தின் பழைய கருத்தை அவர் மீண்டும் கையில் எடுத்தார். நின்றாலும் உட்கார்ந்தாலும் நுனிக்கு இரத்தம் ஏறுவது கடினம். படுத்துவிட்டால் நுனியும் அடியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. அப்போது நுனிக்கும் தாராளமாக இரத்தம் பாய்கிறது. படுக்கை ஓய்வின் பயன் படுத்திருக்கும் நிலையிலேயே அடங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். நான்கு காலில் நடக்கும் முயலுக்குச் சயரோகம் நுனியை நாடுவதில்லை. முயல்களை நாள்தோறும் பல மணி நேரம் நிமிர்த்தி நிறுத்தி வைத்தால் அவற்றுக்கும் மனிதரைப் போலவே நுனியில் நோய் காண்கிறது என்று 1930களில் அமெரிக்காவில் செய்த சோதனையும் அவருக்குத் துணை நின்றது.

டாக்கின் விளக்கம் அழகானது. அதனை ஏற்றால், ஏழை நோயாளிக்கும் படுக்கை இன்றியமையாதது என்றாகிறது. இங்கேதான் நம் நாட்டின் நிலைமை குறுக்கிடுகிறது. குழித்தறியில் அமர்ந்து அன்றாடக் கூலிக்கு நெய்பவனை ஓராண்டு படுக்கச் சொன்னால் தறி நிற்கும்; தறி நின்றால் அடுப்பு அணையும். மேலும், படுக்க வைப்பதற்கு இடம் எங்கே? 1955 முதல் 1958 வரை நாடெங்கும் நடந்த மாதிரி ஆய்வு, நகரத்தைப் போலவே கிராமங்களிலும் காசம் பரவியிருப்பதைக் காட்டியது. இலட்சக்கணக்கான நோயாளிகள், அவர்களில் மிகச் சிலருக்கே சானடோரியத்தில் கட்டில் உண்டு. மற்றவர் காத்திருந்தே மாண்டனர். அவர்களுடைய வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் தொற்றியது.

எல்லை மாறிய அதே 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் இரசாயன சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அமைத்த நிலையம் அது. தலைமை ஏற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். ஸ்ட்ரெப்டோமைசின் 1944இலும் ஐசோனியசிட் 1952இலும் வெளிவந்திருந்தன. மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் மருந்தோடு படுக்கையும், நல்லுணவும், மலைக்காற்றும் வேண்டுமா என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஏறத்தாழ 190 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தனர். அனைவரும் நகரின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தனர். மீதிப் பேர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோனியசிட்டும் பாஸ் என்னும் மருந்தும் ஓராண்டு கொடுக்கப்பட்டன.

வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் நிலையத்திற்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மிச்ச மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உண்மையில் உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர். வீட்டு நோயாளியின் உணவு சானடோரிய உணவோடு ஒப்பிடத் தகுந்ததன்று. அவன் படுத்துக் கிடக்கவும் இல்லை. வேலைக்குச் சென்றான், படி ஏறினான், பிள்ளையைத் தூக்கினான். முடிவு 1959இல் வெளியாயிற்று. ஆண்டின் இறுதியில் இரு சாராரிலும் பத்தில் ஒன்பது பேர் அளவில் நோய் தணிந்திருந்தனர். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் இருவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயாளியோடு ஒரே அறையில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும், சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை. மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவில் குன்றிவிடுகிறது.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெருங்காரணம். நம் பிள்ளைகளின் பாடநூல்களில் இது ஒரு வரிகூடப் பெறாதிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் மார்புநோய் மருத்துவமனையாக மாறியது. சேத்துப்பட்டில் உள்ள அந்தச் சிகிச்சை நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்று விளங்குகிறது.

அப்படியானால் ஓர்த்தும் டாக்கும் சொன்னது பொய்யா என்று நேயர்கள் கேட்கலாம். பொய்யன்று. நோய் ஏன் நுனியைப் பற்றுகிறது என்பதற்கு அவர்கள் கூறிய காரணத்தின் அடிப்படை உறுதியாகவே நின்றது. அதிலிருந்து பிறந்த நீண்ட படுக்கைச் சிகிச்சைதான் நல்ல மருந்தின் முன்னே வேண்டாததாயிற்று. நுனிக்கு இரத்தம் குறைவு என்பதை ஐயமற நிலைநாட்டும் வேலை மட்டும் மீதமிருந்தது.

அதற்கான கருவிகளும் அவ்வாண்டுகளில்தான் கைக்கு வந்தன. 1929இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர் தம் கை நரம்பின் வழியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அது இதயத்தைத் தொட்டிருப்பதை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். நியூயார்க்கில் கூர்னாந்தும் ரிச்சர்ட்ஸும் அம்முறையைப் பண்படுத்தி, உயிருள்ள மனிதரின் நுரையீரல் நாடியில் அழுத்தத்தை அளந்தனர். மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது 1956இல். பின்னர் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் வெஸ்ட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவரும் டாலரி என்பவரும் இன்னும் நுட்பமான வழி ஒன்றைக் கண்டனர். மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு சைக்ளோட்ரான் இருந்தது. அதில் உண்டாகும் கதிரியக்கப் பிராணவாயுவின் அரை ஆயுள் இரண்டே நிமிடம். வேறெங்கும் எடுத்துச் செல்ல இயலாது. அதனைக் கரியமில வாயுவில் ஏற்றி, ஆராய்ச்சிக்கு முன்வந்தவரை ஒரு மூச்சு இழுக்கச் செய்து, பதினைந்து விநாடி அடக்கி வைத்திருக்கும்படி சொன்னார்கள். மார்பின் மீது மேலும் கீழுமாக வைத்த அளவிகள், எந்த மட்டத்திலிருந்து அவ்வாயு எவ்வளவு விரைவில் மறைகிறது என்று காட்டின. இரத்தம் வேகமாக ஓடும் இடத்தில் அது விரைந்து அடித்துச் செல்லப்படும். ஓடாத இடத்தில் தங்கிவிடும்.

1960இல் வெளியான முடிவு ஓர்த்தின் ஊகத்தை எண்களில் நிறுவியது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலை மேலிருந்து கீழாக ஒன்பது மட்டங்களாகப் பகுத்துப் பின்னர் கணக்கிட்டபோது, அடிமட்டத்திற்குக் காற்று நுனிமட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் செல்கிறது. இரத்தமோ பதினெட்டு மடங்கு செல்கிறது. அதாவது, நுனியில் காற்று மிகுதி, இரத்தம் குறைவு. அடியில் இரத்தம் மிகுதி, காற்று குறைவு. ஆகவே நுனியின் சிற்றறைகளில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 132 மில்லிமீட்டர், அடியில் 89. காச நுண்ணுயிர் பிராணவாயுவை விரும்பி வளர்வது. அது ஏன் நுனியில் குடியேறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. எழுந்து உழைத்தால் இதயத்தின் வேகம் கூடி நுனிக்கும் இரத்தம் ஏறுகிறது. பாவோடு ஓடியாடும் நெசவாளியின் நுரையீரலில் மேலும் கீழும் உள்ள வேற்றுமை, அவன் தறியில் அமர்ந்திருக்கும்போது உள்ளதைவிடக் குறைவு. படுத்தால் நுனிக்கும் அடிக்கும் இடையே இருந்த வேற்றுமை மறைந்துவிடுகிறது. டாக் சொன்னது அந்த அளவில் சரிதான். ஆனால் மல்லாந்து படுத்தவருக்கு மார்புப் பக்கம் மேலாகவும் முதுகுப் பக்கம் கீழாகவும் ஆகிவிடுவதால், வேற்றுமை அவ்விரண்டுக்கும் இடையே இடம் மாறுகிறது.

புவியீர்ப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில காலம் நம்பினர். பின்னர் அந்நம்பிக்கை தளர்ந்தது. 1991இல் விண்கலத்தில் சென்றவர்களிடம் வெஸ்ட்டின் குழுவினரே செய்த சோதனையில், எடையற்ற நிலையில் ஏற்றத்தாழ்வு பெரிதும் குறைந்தாலும் முற்றிலும் ஒழியவில்லை என்று தெரிந்தது. நுரையீரல் நாடி மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து செல்லும் அமைப்பிலேயே முதுகுப் பக்கத்திற்கு இரத்தம் அதிகமாகச் செல்லும் இயல்பு இருக்கிறது என்று விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின. இது வெறும் நுணுக்க ஆராய்ச்சி போலத் தோன்றும். பிற்காலத்தில் பல உயிர்களைக் காத்த ஒரு சிகிச்சையின் திறவுகோல் இதிலேதான் இருந்தது.

கடும் நோயால் நுரையீரல் முழுவதும் வீங்கி நீர் கோத்துக்கொண்டவரை மருத்துவமனையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே வழக்கம். செவிலியர் அணுகுவதற்கும் குழாய் பொருத்துவதற்கும் அதுவே வசதி. ஆனால் அந்நிலையில் இதயத்தின் எடையும் வயிற்றின் எடையும் முதுகுப்புற நுரையீரலை அழுத்துகின்றன. நீர் கனத்த நுரையீரலே தன் எடையாலும் நசுங்குகிறது. முதுகுப்புறச் சிற்றறைகள் மூடிக்கொள்கின்றன. இரத்தமோ அங்கேயே பாய்ந்துகொண்டிருக்கிறது. காற்றைக் காணாமலே திரும்புகிறது. நோயாளியைக் குப்புறக் கிடத்தினால் முதுகுப் பக்கம் மேலே வந்து அறைகள் விரிகின்றன. முன்பு சொன்ன அமைப்பின் காரணமாக, குப்புறப் படுத்தபோதும் முதுகுப்பக்கத்துக்குப் போகும் இரத்தம் அதிகம் குறைவதில்லை. பிரிந்திருந்த காற்றும் இரத்தமும் மறுபடி சந்திக்கின்றன.

1974இல் பிரையன் என்பவர் இதனைச் செய்து பார்க்கலாம் என்றார். 1976இல் அமெரிக்காவில் ஐந்து நோயாளிகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, பிராணவாயு உயர்வதைக் கண்டு எழுதினார்கள். இத்தாலியில் கட்டினோனி, சி.டி. படங்களின் துணைகொண்டு நுரையீரலின் எப்பகுதி மூடுகிறது, எப்பகுதி திறக்கிறது என்று ஆராய்ந்தார். எனினும் 2001இல் அவர் நடத்திய பெரிய ஆய்வில் பிராணவாயு உயர்ந்ததே தவிர, பிழைத்தோர் தொகை உயரவில்லை. நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் அளவே குப்புறக் கிடத்தியது போதாது என்ற ஐயம் எழுந்தது. 2013இல் பிரான்சில் குவெரான் தலைமையில் 466 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மிகக் கடுமையாக நோயுற்றவர்களை ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறக் கிடத்தினார்கள். 28 நாட்களுக்குள் இறந்தோர், மல்லாந்து கிடந்தவரில் நூற்றுக்கு 32.8, குப்புறக் கிடந்தவரில் 16. விலையுயர்ந்த மருந்து எதுவுமின்றி, நாலைந்து ஊழியர்களின் கைவலிமையாலும் கவனத்தாலும் மட்டும் சாவு பாதியாயிற்று. நவீன மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பயன் கிட்டியது அரிது.

ஏழாண்டுகள் கழித்துக் கொரோனா வந்தது. இந்தியாவின் முதல் நோயாளி 2020ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி கேரளத்தில், திருச்சூரில், கண்டறியப்பட்டார். 2021 ஏப்ரல், மே மாதங்களில் நாடு பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தில்லியில் பிராணவாயு உருளைக்கு வரிசையில் நின்றவர்களில் தமிழரும் இருந்தனர். ஊருக்குத் திரும்பவும் வழியின்றி, அண்டை வீட்டாரின் மொழியும் பாதி புரியாமல், விரலில் மாட்டும் சிறு கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டு இரவைக் கழித்த குடும்பங்கள் பல. அக்கருவியின் தத்துவத்தை 1974இல் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. கொரோனா உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

அந்த ஏப்ரல் 2021இல் மத்திய சுகாதார அமைச்சகம், வீட்டிலிருக்கும் நோயாளி தானே குப்புறப் படுத்துக்கொள்வது குறித்துப் படங்களுடன் ஓர் அறிவுரையை வெளியிட்டது. எண் 94க்குக் கீழே இறங்கி மூச்சுத் திணறினால் அவ்வாறு செய்யலாம். கழுத்தின் கீழே ஒரு தலையணை, மார்பு முதல் தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே கணைக்கால்களின் அடியில் இரண்டு. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் குப்புற, பின்னர் வலப்புறம் ஒருக்களித்து, பின்னர் சாய்ந்து உட்கார்ந்து, பின்னர் இடப்புறம், மீண்டும் குப்புற. தாமே மூச்சு விடும் நோயாளிகளிடம் பல நாடுகளில் சேர்ந்து செய்து 2021இல் வெளியான ஆய்வு, இதனால் செயற்கை மூச்சுக் கருவி பொருத்தும் தேவை ஓரளவு குறைகிறது என்று காட்டியது; சாவு குறைகிறது என்று அவ்வாய்வால் நிலைநாட்ட முடியவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வரையில் நேரம் சம்பாதித்துத் தரும் உபாயம் என்று இதனைக் கொள்ளலாம். மருத்துவமனைக்கு மாற்று என்று கொண்டவர்கள் சிலர் ஆபத்துக்கு உள்ளானார்கள்.

ஒரு பக்க நுரையீரல் மட்டும் நோயுற்றிருந்தால் கணக்கு வேறு. நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களிப்பது பெரியவர்களுக்குப் பொதுவாக நன்மை தரும். கீழ்ப்பக்கத்துக்கு இரத்தம் மிகுதியாகப் போகிறது, அங்கே காற்றை வாங்கும் அறைகளும் நலமாயிருக்கின்றன. நுரையீரலில் இரத்தம் கசிகிறவருக்கு இது பொருந்தாது. கசியும் பக்கம் கீழே இருந்தால்தான் நல்ல பக்கத்தில் இரத்தம் புகாது. கைக்குழந்தைகளுக்கும் இவ்விதி பொருந்துவதில்லை. அவர்களுடைய மார்புக்கூடு இளகியதாகையால் காற்று மேற்பக்கத்துக்கே அதிகம் செல்கிறது.

இரைப்பு நோய்க்காரர் இரவெல்லாம் எழுந்து உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கைகளை ஊன்றி முன்சாய்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். தோளும் கையும் நிலைபெற்றால் கழுத்துத் தசைகளும் மார்புத் தசைகளும் மூச்சுக்கு உதவ முடிகிறது. ஆகையால் அந்த நிலையை உடம்பு தானே தேடிக்கொள்கிறது. இதயம் பலவீனமானவர் உட்காருவதற்குக் காரணம் வேறு. படுத்தால் கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருந்த இரத்தத்தில் சுமார் அரை லிட்டர் மார்புக்குத் திரும்புகிறது; தளர்ந்த இதயம் அதை ஏற்று வெளியேற்ற மாட்டாமல், நுரையீரலில் நீர் கசிகிறது. அத்தகையவரைப் படு படு என்று வற்புறுத்தும் உறவினர், அன்பின் மிகுதியால் அவருக்குத் துன்பமே இழைக்கிறார்கள். முன்பு குறிப்பிட்ட 2021ஆம் ஆண்டு அறிவுரையும், கடுமையான இதய நோய் உடையோர், கருவுற்ற பெண்கள், ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து, அதற்குச் சிகிச்சை பெற்று இரண்டு நாளும் ஆகாதவர்கள், முதுகெலும்போ தொடையெலும்போ இடுப்பெலும்போ முறிந்தவர்கள் ஆகியோர் குப்புறப் படுக்கலாகாது என்றும், மற்றவர்களும் உணவு உண்டபின் ஒரு மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறியுள்ளது.